பெஞ்சில் அரை மணி நேரம்

திண்டிவனம்
15-6-2024, சனி

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் ரோஜா எழுதுவது. நீங்களும் குமரேசன் மாமாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே அப்பா, அம்மா இருவரும் சுகம். என் சுகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சனிக்கிழமைதோறும் திண்டிவனம் வருகிறார் என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினீர்களே, அவரிடம்தான் போனோம். போன வாரம் என் கையில் வரிசையாக மருந்துச் சொட்டு வைத்துக் குத்திப் பார்த்தார்கள். இரண்டு இடம் கொசு கடித்த மாதிரி தடித்தது. ஒன்று வீட்டுத் தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. இன்னொன்று ஈரச் சுவரில் பிடிக்கும் பூஞ்சை. எனக்கு ஆகாத அந்த இரண்டையுமே துளித் துளியாக ஊசியில் ஏற்றி உடம்புக்குப் பழக்குவார்களாம். முதலில் வாராவாரம், அப்புறம் பதினைந்து நாளைக்கு ஒரு தரம், அப்புறம் மாதம் ஒரு தரம். மொத்தம் மூன்று வருஷம். “மூணு வருசமா?” என்று கேட்டுவிட்டு அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று முதல் ஊசி. போட்டதும் வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார வேண்டும். சிலருக்கு ஊசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டுமாம், அதனால் உடனே விட மாட்டார்கள். அந்த அரை மணியில்தான் இதை எழுதுகிறேன். டாக்டரம்மாவோடு மருந்து ஐஸ் பெட்டியைத் தூக்கி வரும் அலெக்ஸ் அண்ணன், “உங்க அத்தைக்கு எதுனா குடுக்கணும்னா குடும்மா, நான் எடுத்துக்கினு போறேன்” என்றார். போனில் பேச வழியில்லை. போன் அப்பாவுடையது. வீட்டை மீறி நீங்கள் மாமாவைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அப்பா உங்கள் பெயரை வாயால் சொன்னதில்லை. போன் கிடைத்தாலும் எனக்குப் பேச்சு வராது. எழுதினால்தான் வருகிறது.

பெஞ்சு ரோட்டைப் பார்த்து இருக்கிறது. அதுதான் கஷ்டம். நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று நீங்கள் கேட்டதில்லை. ஒன்பதாவது பரீட்சை ஹாலில் இரைப்பு வந்து என் நெஞ்சு விசில் அடித்தது. “யார் அது விசிலு?” என்று டீச்சர் கேட்க, நாற்பது தலை திரும்பியது. மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

ஊசி போட்ட இடம் அரிக்கிறது. வேறொன்றுமில்லை.

இப்படிக்கு,
ரோஜா


விழுப்புரம்
21-6-2024

அன்பு ரோஜாவுக்கு,

அத்தையின் முத்தம். மாமாவும் நானும் நல்லபடியாக இருக்கிறோம். மாமாவுக்கு முதுகுவலி, ஆனால் அது அவரோடு பிறந்தது.

நான் பெருக்கும் அறையில்தான் உன் மருந்துக் குப்பியில் பெயர் ஒட்டி ஃபிரிட்ஜில் வைத்தார்கள். ‘ஆ. ரோஜா, திண்டிவனம்’ என்று பார்த்ததும் துடைப்பத்தை வைத்துவிட்டு நின்றேன். “இன்னாக்கா, ஃபிரிட்ஜையா கும்புடுற?” என்று நர்ஸ் பொண்ணு கிண்டல் செய்தாள். ஆமாம் என்றேன்.

நெஞ்சில் சத்தம் இருக்கும் நாளில் டாக்டரம்மாவிடம் மறைக்காமல் சொல். அரை மணி முடியும் முன்னால் எழுந்திருக்காதே. பஸ் போனால் போகட்டும்.

உன் அப்பா இன்னும் கோயிலில் இடது பக்கத் தூணோரம்தான் நிற்கிறாரா?

உன் அத்தை,
அன்புச்செல்வி


திண்டிவனம்
31-8-2024, சனி

அன்புள்ள அத்தைக்கு,

மாமாவின் முதுகு எப்படி இருக்கிறது? நான் நலம். ஊசி போடும் கை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, திங்கட்கிழமை வற்றுகிறது. இசைவாணி அக்கா தையல் கடையில் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன். திங்கட்கிழமை அக்கா எனக்கு மிஷின் தருவதில்லை, பட்டன் வேலைதான். அவர்களாகவே செய்கிறார்கள், நான் கேட்கவில்லை.

அப்பா தூணோரம்தான் நிற்கிறார்.

போன வாரம் எங்கள் தெரு லூர்துமேரி அக்கா மீன் கூடையோடு போனவர், பெஞ்சுக்கு எதிரில் நின்றுவிட்டார். “இன்னா ரோசா, வாராவாரம் டாக்டர் வாசல்ல குந்திக்கினு இருக்க? வயசுப் பொண்ணு, ஒடம்புக்கு இன்னா? எதுனா மறைக்கிறீங்களா உங்கம்மாளும் நீயும்?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மீன் விற்று முடித்துத் திரும்பி வரும்போதும் குனிந்தே இருந்தேன். இன்று அலெக்ஸ் அண்ணனிடம் கேட்டு உள்ளே, பாத்ரூம் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பினாயில் வாசனைக்கு இருமல் வருகிறது. ஆனாலும் இங்கே யாரும் பார்க்க முடியாது.

உங்கள்
ரோஜா


விழுப்புரம்
6-9-2024

அன்பு ரோஜாவுக்கு,

முதுகு அப்படியே, வாய் மட்டும் சுகம் என்று மாமா எழுதச் சொன்னார்.

உள்ளே உட்கார்ந்தது சரி. பார்க்கிறவர்கள் வாயை நாம் மூட முடியாது, நம் முகத்தைத்தான் மூடிக்கொள்ள முடியும். நான் சென்னைக்குப் போகும்போதெல்லாம் பஸ் திண்டிவனத்தில் நிற்கும். பதினோரு வருஷமாக அந்தப் பத்து நிமிஷமும் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு தூங்குவது போல இருக்கிறேன். பழகிவிட்டது.

மாதா பிறந்தநாளுக்குக் கோயிலில் என்ன விசேஷம், எழுது.

அத்தை


திண்டிவனம்
14-12-2024, சனி

அன்புள்ள அத்தைக்கு,

புயலில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததாக அலெக்ஸ் அண்ணன் சொன்னார். அரிசி, துணி எல்லாம் தப்பித்ததா? நீங்கள் இருவரும் நனைந்த வீட்டில் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் முழங்கால் அளவு வந்தது. சுவர் இடுப்பு உயரத்துக்கு ஊறிப்போய் இப்போது கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. மார்கழி நெருங்கினாலே நான் எப்படி ஆவேன் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று தலையணை வைத்து, உட்கார்ந்தபடியே தூங்குவேன். அத்தை, இந்த வருஷம் நான் படுத்துத் தூங்குகிறேன். ஒரு தலையணை. ஒரு தடவைகூட விசில் இல்லை. அம்மா என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். “இன்னாமா பண்ற?” என்றேன். “ஒண்ணுமில்ல, சத்தமே காணோமேன்னு பாத்தேன்” என்று சொல்லி அழுதார்.

இப்போது பதினைந்து நாளைக்கு ஒரு ஊசிதான். அதனால் இந்தக் கடிதத்துக்கு நீங்கள் பதினைந்து நாள் காத்திருந்திருப்பீர்கள்.

புதன்கிழமை மாதா கோயில் நவநாள் ஜெபத்துக்கு அம்மா தவறாமல் போகிறார். ஏதோ நேர்ந்துகொண்டிருக்கிறார். கேட்டால் சொல்லவில்லை.

ரோஜா


விழுப்புரம்
27-12-2024

அன்பு ரோஜாவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து. அரிசி தப்பியது, கட்டில் போனது, நாங்கள் தரையில் சுகமாக இருக்கிறோம்.

‘ஒரு தலையணை’ என்று நீ எழுதியதை மாமாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். மூன்றாவது தடவை, “எனக்கு இருக்கிற ஒரு தலகாணிய புடுங்கிடாத” என்றார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பலபேர் இந்தக் கட்டத்தில்தான் ஊசியை விடுகிறார்கள். நல்லாகிவிட்டது என்று போய்விடுவார்கள், அடுத்த வருஷம் பழையபடி வந்து நிற்பார்கள். நான் தினமும் பார்க்கிறேன். நீ விடாதே.

அத்தை


(தபாலில்)
விழுப்புரம்
27-1-2025

அன்பு ரோஜாவுக்கு,

இசைவாணி தையல் கடை முகவரிக்கு அனுப்புகிறேன், வீட்டுக்கு வந்தால் உன் அப்பா கையில் கிடைக்கும்.

பொங்கலுக்கு முன்னால் நான் கொடுத்துவிட்ட கடிதத்தை அலெக்ஸ் திருப்பிக் கொண்டுவந்தான். “பொண்ணு வர்லக்கா” என்றான். நேற்று முன்தினமும் அதையே சொன்னான். இரண்டு ஊசி தவறிவிட்டது. காய்ச்சலா? வீட்டில் ஏதாவது நடந்ததா? ஒரு வரி எழுது.

அத்தை


திண்டிவனம்
6-2-2025

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். கடையில் கல்யாணச் சீசன், சனிக்கிழமை லீவு கிடைக்கவில்லை. வேறு ஒன்றுமில்லை. மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

ரோஜா


விழுப்புரம்
12-2-2025

ரோஜாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தை நான்கு தடவை திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று.

வீங்கிய கைக்காகக் கேட்காமலே பட்டன் வேலை கொடுத்தவள் லீவு தரமாட்டேன் என்றாளா? சரி, நான் கேட்கவில்லை. உன் குப்பி ஃபிரிட்ஜில் இருக்கிறது. அலெக்ஸ் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப்போகிறான், திருப்பிக் கொண்டுவருகிறான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நெஞ்சில் விசில் வருகிறதா?

அத்தை


திண்டிவனம்
8-3-2025, சனி

அன்புள்ள அத்தைக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னியுங்கள். உங்கள் உடம்பும் மாமா முதுகும் சுகம் என்று அலெக்ஸ் அண்ணன் சொன்னார். நான் சுகமில்லை. விசில் வருகிறது.

கல்யாணச் சீசன் என்று எழுதியது பொய். நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா நேர்ந்துகொண்டது இதுதான்: புது வருஷம் பிறக்கும் வரை எனக்கு இரைப்பு வராவிட்டால், வெள்ளித் தகட்டில் நெஞ்சு உருவம் செய்து மாதாவுக்கு வைப்பது, நவநாளில் நன்றிக் கடிதம் வாசிக்க வைப்பது. புதன்கிழமைகளில் கோயில் பெட்டியில் போட்ட கடிதங்களை மைக்கில் வாசிப்பார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். அம்மாவுக்கு எழுத வராது. கோயில் உபதேசியாரிடம் சொல்ல, அவர் அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறார். ஜனவரி எட்டாம் தேதி வாசித்தார்கள். ‘டாக்டர்கள் கைவிட்ட என் மகள் ரோஜாவுக்கு மாதா பூரண சுகம் தந்தார்.’ எனக்கு முன்கூட்டியே தெரியாது. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தை, டாக்டரம்மா என்னைக் கைவிடவே இல்லை.

அந்த வாரச் சனிக்கிழமை கிளம்பினேன். அம்மா வாசற்படியில் நின்றுகொண்டார்.

“எங்கடி போற?”

“ஊசிக்கு.”

“மாதாவுக்கு நன்றி சொல்லியாச்சு, தகடு வெச்சாச்சு. மறுபடி ஊசி போட்டா இன்னா அர்த்தம்? குடுத்தத நம்பலன்னு அர்த்தம். பெஞ்சுல நீ குந்திக்கினு இருக்கிறத நாலு பேர் பாத்தா, மாதாவ பொய்க்காரி ஆக்கின மாதிரி.”

நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்தேன். உள்ளே போய்விட்டேன். உங்களுக்கு உண்மையை எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதினால் அம்மாவை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

பிப்ரவரி கடைசிப் புதன் நவநாளில், நற்கருணை வாங்கிய பிறகு எல்லோரும் மௌனமாக முழந்தாளிட்டிருந்தோம். என் நெஞ்சு விசில் அடித்தது. முன்வரிசையில் ஒரு தலை திரும்பியது. உடனே அம்மா இருமினார். அம்மாவுக்கு இருமல் கிடையாது. நான் மூச்சு விடும்போதெல்லாம் அவர் இருமினார், என் சத்தத்தை மூடுவதற்காக. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மூடுகிறார். இப்படி எத்தனை வருஷம் இரும முடியும்?

இன்று வாசற்படியில் அம்மா நிற்கும்போதே செருப்பைப் போட்டேன். “தள்ளும்மா” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அம்மா தள்ளவில்லை. நான் பக்கவாட்டில் புகுந்து வந்துவிட்டேன்.

வந்தும் ஊசி கிடைக்கவில்லை. நெஞ்சில் சத்தம் இருக்கும்போது போடக் கூடாதாம். வாயால் உறிஞ்சும் இன்ஹேலர் மருந்து கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார் டாக்டரம்மா. பத்து வாரம் விட்டதால் ஏறிய அளவெல்லாம் இறங்கி, சின்ன அளவிலிருந்து மறுபடி ஏற வேண்டும். “கோச்சுக்கிறீங்களா டாக்டர்?” என்றேன். “வந்தியே, அது போதும்” என்றார்.

ஊசி போடாமலே அரை மணி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே ஸ்டூலில் இல்லை. ரோட்டைப் பார்த்த பெஞ்சில், முன்கோடியில். இப்போதுதான் லூர்துமேரி அக்கா கூடையோடு வந்தார். “மாதா சொகம் குடுத்துச்சுன்னு படிச்சாங்களே, இங்க இன்னாடி பண்ற?” என்றார். “ஊசி போட வந்தேங்க்கா. அலர்ஜி ஊசி. மூணு வருசம் போடணும்” என்றேன். அவர் அடுத்த கேள்வியோடு நின்றார், நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேள்வியோடே போய்விட்டார்.

ரோஜா


விழுப்புரம்
14-3-2025

அன்பு ரோஜாவுக்கு,

உன் கடிதத்தை வார்டில் நின்றுகொண்டே படித்தேன். உறிஞ்சும் மருந்தைத் தவறாமல் எடு. நாங்கள் இருவரும் சுகம், ஆனால் எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ செய்தது சரி. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் கோயிலின் கண்ணை நான் அறிவேன். ஒரு யோசனை சொல்கிறேன். சனிக்கிழமை கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விழுப்புரத்துக்கு வந்துவிடு. இங்கேயே ஊசி போடலாம், அரை மணி என் பக்கத்தில் இரு. உன் ஊரில் யாருக்கும் தெரியாது. உன் அம்மாவின் வாக்கும் காப்பாற்றப்படும், உன் மூச்சும் காப்பாற்றப்படும். எதற்கு வீண் சண்டை?

யோசித்துச் சொல்.

அத்தை


திண்டிவனம்
22-3-2025, சனி

அன்புள்ள அத்தைக்கு,

இப்போது சாப்பிடுகிறீர்களா? நெஞ்சில் சத்தமில்லை. போன வாரம் ஊசி மறுபடி தொடங்கியது, இன்று இரண்டாவது. கை அரிக்கிறது. அந்த அரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

விழுப்புரத்துக்கு ஒளிந்து வர மாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களைப் பார்க்க ஒரு நாள் வருவேன், ஆனால் ஊசிக்காக ஒளிந்து வர மாட்டேன். பாத்ரூம் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அங்கேயும் இருமல்தான் வந்தது.

என்னால் மைக்கில் பேச முடியாது. ஆனால் அந்தப் பெட்டியில் யார் வேண்டுமானாலும் கடிதம் போடலாம். நானும் ஒன்று எழுதிப் போட்டேன். புதன்கிழமை நவநாளில் மடத்து சிஸ்டர் வாசித்தார். நகலைக் கீழே எழுதுகிறேன்.

‘சகாய மாதாவே, ஜனவரியில் என் பெயரைச் சொல்லி வாசித்த நன்றிக் கடிதத்தை நான் எழுதவில்லை. அதில் பூரண சுகம் என்று இருந்தது. எனக்குக் கிடைத்தது பாதி சுகம். பாதிக்கும் நன்றி சொல்லலாம் என்று நினைக்கிறேன். எனக்கு மூச்சு இரைப்பு இருக்கிறது. அதற்கு அலர்ஜி ஊசி போடுகிறேன். நடுவில் நிறுத்தியதால் இரைப்பு திரும்பி வந்தது, அதனால் மறுபடி தொடங்கிவிட்டேன். இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. என்னை எந்த டாக்டரும் கைவிடவில்லை. ஊசி போட்டுக்கொள்வது உம்மை நம்பாதது ஆகாது. என் அம்மா உம்மிடம் கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஊசி எனக்குக் கிடைத்தது. அதைப் பற்றிச் சொல்லி அனுப்பியவர் விழுப்புரத்தில் இருக்கும் என் அத்தை அன்புச்செல்வி. அவருக்காகவும் நன்றி. சனிக்கிழமை பத்து மணியிலிருந்து பத்தரை வரை கிளினிக் பெஞ்சில் இருப்பேன். பார்க்கிறவர்கள் பார்க்கலாம். ஆ. ரோஜா, இந்தக் கோயில் பங்கைச் சேர்ந்தவள்.’

உங்கள் பெயர் வந்த இடத்தில் சிஸ்டர் ஒரு நொடி நிறுத்தினார். அப்புறம் தெளிவாக வாசித்தார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கோயிலில் உங்கள் பெயர் கேட்டது, மைக்கில். நான் அப்பாவைப் பார்த்தேன். தூணோரம் நின்றவர் தூணிலிருந்து கையை எடுத்துவிட்டார். வேறு ஒன்றும் செய்யவில்லை, வெளியேயும் போகவில்லை. நாற்பது தலைக்கு மேல் என்னைத் திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன். ஃபாதர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “அடுத்த கடிதம்” என்றார்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் சத்தமாக வைத்தார். இன்று காலை நான் செருப்புப் போடும்போது வாசற்படியில் அவர் இல்லை.

ஊசி போட்டு வெளியே வந்தபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூக்கடையில் அம்மா நின்றுகொண்டிருந்தார். பூ வாங்கவில்லை. பத்து நிமிஷம் நின்றார். அப்புறம் ரோட்டைத் தாண்டி வந்தார்.

“இன்னும் எவ்ளோ நேரம்?”

“இருபது நிமிஷம்.”

பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்துவிட்டார். “எலிப்பொந்துல குந்திக்கிற பொண்ணு நீ, உனக்கு எங்கருந்துடி வந்துச்சு இவ்ளோ வாயி?” என்றார். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். லூர்துமேரி அக்கா கூடையோடு போனார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. “நெத்திலி இருக்குதா?” என்று கேட்டார்.

அவர் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். நடுவில் இன்னும் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கிறது, அத்தை. அலெக்ஸ் அண்ணனைக் கேட்டேன், டாக்டரம்மா காரில் பின்சீட்டு காலியாகத்தான் வருகிறதாம். அடுத்த சனிக்கிழமை வாருங்கள். முந்தானையைத் தோளிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அரை மணிதான்.

உங்கள்
ரோஜா